யானைத் தடத்தைத் தாண்டிப் பள்ளிக்கூடம்: ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்குக் காட்டுயிர் பாதுகாப்பு எப்படிப் பாடமாகிறது?

போட்ஸ்வானாவின் வடமேற்கில் ஓகவாங்கோ ஆறு கடலுக்குப் போவதில்லை. மணல் நிலத்திலேயே விரிந்து பெரிய சதுப்பாகிவிடுகிறது. அதன் கிழக்கே உள்ள கிராமங்களில் ஆட்களும் யானைகளும் ஏறக்குறைய சரிக்குச் சரி. இரண்டு தரப்பும் பதினைந்தாயிரத்துக்குக் குறையாது. யானைகள் ஆற்றுக்குத் தண்ணீர் குடிக்கப் போகிற தடங்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற பாதையைக் குறுக்கே வெட்டுகின்றன. நடந்து போனால் ஆபத்து என்று 'எலிஃபன்ட் எக்ஸ்பிரஸ்' என்ற பெயரில் பேருந்து விட்டிருக்கிறார்கள்.

அந்தப் பேருந்தில் வருகிற பத்து வயதுச் சிறுமியிடம் "யானை அருமையான பிராணி, அதை நாம் காப்பாற்ற வேண்டும்" என்று பாடத்தை ஆரம்பித்தால் என்ன ஆகும்? வாத்தியாருக்கு மரியாதை கொடுத்துத் தலையாட்டுவாள். தேர்வில் அதையே எழுதி மதிப்பெண்ணும் வாங்குவாள். வீட்டுக்குப் போனால், நேற்று ராத்திரி மக்காச்சோளக் கொல்லையில் யானை புகுந்த கதைதான் ஓடிக்கொண்டிருக்கும். வளர்ந்த யானை ஒன்று ஒரு நாளைக்கு 150 கிலோ வரை தின்னும். நாலைந்து யானைகள் ஒரே ராத்திரி கொல்லையில் நின்றால் அந்த வீட்டுக்கு அந்த வருஷத்துச் சாப்பாடு போயிற்று.

ஆப்பிரிக்கப் பள்ளிகளில் காட்டுயிர் பாதுகாப்பைச் சொல்லித் தருவதில் உள்ள சிக்கல் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. நமக்கெல்லாம் ஆப்பிரிக்கச் சிங்கம் டிவியில் வருகிற சிங்கம். பாதுகாப்பு என்றால் அதன்மேல் அன்பு வைப்பது என்று எளிதாக நினைத்துக்கொள்கிறோம். அங்கே கிராமத்தில் வளர்கிற குழந்தைக்கு அது கொடுக்கல் வாங்கல் சம்பந்தப்பட்ட விஷயம். காட்டுயிர் இருப்பதால் யாருக்கு நஷ்டம், யாருக்கு லாபம், நஷ்டத்தை எப்படிக் குறைப்பது என்கிற கணக்கு. இந்தக் கணக்கைத் தொடாத பாடம் எவ்வளவு வண்ணப் படங்களோடு வந்தாலும் பாடப் புத்தகத்தைத் தாண்டி வெளியே வராது என்பது என் எண்ணம். நன்றாக நடக்கிற திட்டங்களைப் பார்த்தால் எல்லாமே ஏதோ ஒரு வகையில் இந்தக் கணக்கைத் தொட்டுத்தான் போகின்றன.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிடலாம். 'ஆப்பிரிக்கக் குழந்தை' என்று ஒரே ஆள் கிடையாது. கென்யாவின் தலைநகர் நைரோபியின் ஓரத்திலேயே 117 சதுர கிலோமீட்டரில் ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது, 1946இல் அமைத்தது. பின்னணியில் அடுக்குமாடிக் கட்டடங்கள் தெரிய, முன்னால் ஒட்டகச்சிவிங்கி நிற்கிற புகைப்படம் எடுப்பது அங்கேதான். அதே நகரத்துக் குடிசைப் பகுதியில் வளர்கிற பல பிள்ளைகள் அந்தப் பூங்காவுக்குள் கால் வைத்ததே இல்லை. நுழைவுக் கட்டணம், வண்டி வாடகை, கூட்டிப்போக ஒரு ஆள் என்று எல்லாம் கூடிவர வேண்டுமே. அந்தப் பிள்ளைக்கு விலங்கு தூரத்தில் இருக்கிறது. பள்ளிச் சுற்றுலாதான் முதல் தரிசனம். பூங்காவின் தெற்கு எல்லையில் வேலி கிடையாது. அந்தப் பக்கம் மாடு மேய்த்து வாழ்கிற மாசாய் இனத்துப் பிள்ளைக்கோ விலங்கு தேவைக்கு மேலேயே பக்கத்தில் இருக்கிறது. நகரத்துப் பிள்ளைக்கு விலங்கைக் காட்டினால் பாதி வேலை முடிந்தது. எல்லையில் இருக்கும் பிள்ளைக்குக் காட்ட வேண்டியது வேறு. ஒரே பாடத்திட்டத்தை இரண்டு பேருக்கும் நீட்டுவது பல நாடுகளில் நடக்கிற தவறு.

சிங்கத்தை ஏமாற்றிய பையன்

அந்தத் தெற்கு எல்லையில், கிட்டெங்கேலா பகுதியில், ரிச்சர்ட் துரேரே என்ற மாசாய்ச் சிறுவன் இருந்தான். அப்பாவின் மாடுகளைப் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு. மாசாய் வீடுகளில் சின்ன வயதிலேயே பையன்களிடம் அது வந்துவிடும். ராத்திரியில் பூங்காவிலிருந்து சிங்கம் வந்து பட்டியில் மாட்டை அடித்துப் போடும். மாட்டை இழந்தவர்கள் கோபத்தில் சிங்கத்தைக் கொல்வார்கள். அந்தப் பூங்காவின் சிங்கங்கள் குறைந்துகொண்டே வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பையன் யோசித்தான். சிங்கம் நெருப்புக்குப் பயப்படும் என்று நினைத்து முதலில் தீ மூட்டினான். வெளிச்சத்தில் சிங்கத்துக்குப் பட்டி இன்னும் நன்றாகத் தெரிந்ததுதான் மிச்சம். அடுத்து ஒரு பொம்மையைக் கட்டி நிறுத்தினான். முதல் நாள் வந்த சிங்கம் பொம்மையைப் பார்த்துத் திரும்பிப் போனது. மறுபடி வந்தபோது, இது அசையவே இல்லையே என்று கண்டுகொண்டு உள்ளே புகுந்தது. இன்னொரு ராத்திரி கையில் டார்ச் லைட்டை வைத்துக்கொண்டு பட்டியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தான். அன்றைக்குச் சிங்கம் வரவில்லை. நகரும் வெளிச்சத்துக்குத்தான் சிங்கம் அஞ்சுகிறது என்று அவனுக்கு அப்போது பிடிபட்டது.

மின்சாமான்களைப் பிரித்துப் பார்க்கிற பழக்கம் அவனுக்கு முன்பே உண்டு. அம்மாவின் புது ரேடியோவைப் பிரித்துப் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவன். ஒரு பழைய கார் பேட்டரி, மோட்டார் பைக்கில் இண்டிகேட்டர் விளக்கை விட்டு விட்டு எரிய வைக்கிற சின்னப் பெட்டி, ஒரு சுவிட்ச், உடைந்த டார்ச்சிலிருந்து எடுத்த பல்புகள், பேட்டரிக்கு மின்னேற்ற ஒரு சோலார் தகடு. இவற்றை இணைத்து, பட்டியைச் சுற்றி பல்புகளை வெளிப்பக்கம் பார்க்க மாட்டினான். பல்புகள் மாறி மாறி மின்னும்போது யாரோ டார்ச்சோடு சுற்றி வருகிற மாதிரி சிங்கத்துக்குத் தோன்றும். பையனோ வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருப்பான். அப்போது அவனுக்கு வயது பதினொன்றுதான். அக்கம்பக்கத்தார் கேட்டு வந்தார்கள். நிறைய ஆடுமாடுகளைப் பறிகொடுத்த ஒரு பாட்டியும் அவர்களில் ஒருவர். அவருடைய பட்டிக்கும் மாட்டிக் கொடுத்தான். 2013இல் 'டெட்' என்ற சொற்பொழிவு மேடையில் ஏறி இந்தக் கதையைச் சொன்னபோது, முன்பெல்லாம் சிங்கம் என்றாலே தனக்குப் பிடிக்காது என்பதையும் ஒளிக்காமல் சொன்னான்.

அவனை மேதை என்று கொண்டாடுவதற்காக இதை இவ்வளவு விரிவாகச் சொல்லவில்லை. ஒரு வகுப்பறைக்கு இதில் எத்தனை பாடம் இருக்கிறது பாருங்கள். மின்சுற்று ஒரு பாடம். தீ, பொம்மை, டார்ச் என்று ஒன்று தோற்றால் அடுத்ததைச் சோதிப்பது அறிவியல் முறைக்கு நல்ல எடுத்துக்காட்டு. சிங்கத்தின் நடத்தையைக் கவனிப்பது உயிரியல். முக்கியமாக, 'சிங்கத்தை நேசி' என்று யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. மாடு பிழைத்தது, அதனால் சிங்கமும் பிழைத்தது. ஆப்பிரிக்கா முழுவதும் இன்று 25,000 சிங்கங்கள்கூட இருக்காது என்பதுதான் பொதுவான கணிப்பு. அந்தக் கணக்கில், ஒரு பட்டியில் ஒரு சிங்கம் சாகாமல் தப்புவதுகூடப் பெரிய விஷயம். ஒரே விளக்கு எல்லா ஊரிலும் எல்லாக் காலத்துக்கும் எடுபடாது. சிங்கமும் பழகிக்கொள்ளக்கூடிய பிராணிதான். அதையும் வகுப்பில் சொல்லிவிடுவது நல்லது.

தேனீயை நம்பி ஒரு வேலி

யானை விஷயத்திலும் இதே மாதிரி ஒரு வழி உண்டு. கென்யாவின் சாவோ கிழக்குத் தேசியப் பூங்காவை ஒட்டிய சகல்லாவில் லூசி கிங் என்ற ஆய்வாளர் செய்து காட்டிய தேன்கூட்டு வேலி. யானைக்குத் தேனீ என்றால் ஆகாது. தடித்த தோலில் கொட்டினால் அதற்கு ஒன்றும் இல்லை; கண்ணோரத்திலும் தும்பிக்கைக்குள்ளும் கொட்டினால் தாங்காது. கூடு இருக்கிற மரத்தை யானைகள் தொடாமல் விடுவதை முன்பே கவனித்திருந்தார்கள். அதை வைத்து, கொல்லையைச் சுற்றிப் பத்து மீட்டருக்கு ஒன்றாகக் கூடுகளைத் தொங்கவிட்டு, எல்லாவற்றையும் ஒரே கம்பியால் இணைத்தார்கள். சில கூடுகள் வெறும் டம்மி. செலவு குறைய வேண்டுமே. யானை கம்பியில் இடித்தால் வரிசையாகக் கூடுகள் ஆடும், தேனீக்கள் கிளம்பும். வேலியை நோக்கி வரும் யானைகளில் ஐந்தில் நான்கு வரை திரும்பிப் போவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். வறட்சி வந்தால் தேனீ கூட்டை விட்டுப் போய்விடும் என்பது இதன் பலவீனம். இதே முறையை இலங்கையில் வஸ்கமுவ பக்கத்திலும், அங்குள்ள தேனீ இனத்தை வைத்துச் சோதித்திருக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு இது ஏன் வசதி என்றால், தேனீயை வைத்து மகரந்தச் சேர்க்கையிலிருந்து சந்தை விலை வரை எதையும் பேசலாம். விளைச்சலும் தப்பும், தேனும் விற்கும். யானையும் அடிபடாது.

பயிர்க்காவலுக்கும் பள்ளிக்கும் நேரடித் தொடர்பு ஒன்று இருக்கிறது. வெளியே இருந்து பார்க்கிறவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை. அறுவடைக்கு முந்திய வாரங்களில் பல வீடுகளில் பிள்ளைகளும் ராத்திரி கண்விழித்துக் கொல்லையைக் காக்கிறார்கள். காலையில் வகுப்பில் தூங்கி விழுகிறார்கள், அல்லது வருவதே இல்லை. அப்படித் தூங்குகிற பையனை எழுப்பி யானைகளின் குடும்ப அமைப்பைப் பற்றிப் பாடம் நடத்துவதில் ஒரு கொடுமை இருக்கிறது. வேலி உறுதியானால் தூக்கம் வரும். வருகைப் பதிவேடும் நிறையும். ஒரு ஊரில் காட்டுயிர்க் கல்வி சரியாகப் போகிறதா என்று தெரிய வேண்டுமா? எனக்குக் கேட்டால் அந்த மாதங்களின் வருகைப் பதிவேட்டைப் பாருங்கள் என்பேன்.

தாத்தா சொல்கிற கதை

பாடத்தில் பல நேரம் விட்டுப்போகிற பகுதி வரலாறு. ஆப்பிரிக்காவின் புகழ்பெற்ற பூங்காக்கள் பலவும் காலனி ஆட்சியில், அங்கிருந்த மக்களை அப்புறப்படுத்தி அமைத்தவை. தான்சானியாவின் செரெங்கெட்டி 1951இல் தேசியப் பூங்காவானது. 1959இல் அங்கே மேய்த்துக்கொண்டிருந்த மாசாய் மக்களை ங்கோரோங்கோரோ பக்கம் அனுப்பிவிட்டார்கள். துரை உரிமம் வாங்கிச் சுட்டால் விளையாட்டு, ஊர்க்காரன் கறிக்குக் கண்ணி வைத்தால் குற்றம் என்பதுதான் அன்றைய சட்டம். இதைத் தாத்தா பாட்டி வாயிலாகக் கேட்டு வளர்ந்த பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. வேட்டை தவறு என்று மொட்டையாகச் சொன்னால் தன் தாத்தாவைத் திருடன் என்று சொல்வதாகத்தான் அதற்குக் கேட்கும்.

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவின் வடக்கு முனையில் மகுலேகே மக்களுக்கு நேர்ந்தது இதைவிடக் கடுமை. 1969இல் நிறவெறி அரசு அவர்களை வலுக்கட்டாயமாக வெளியேற்றி அந்த நிலத்தைப் பூங்காவோடு சேர்த்துக்கொண்டது. நிறவெறி ஆட்சி ஒழிந்த பிறகு அவர்கள் வழக்காடினார்கள். 1998இல் நிலம் அவர்கள் பெயருக்குத் திரும்பியது. அவர்கள் அங்கே குடியேறவில்லை, உழவும் செய்யவில்லை. காட்டைக் காடாகவே வைத்து, சுற்றுலா விடுதிகளை அனுமதித்து, வருமானத்தை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். பாதுகாப்பு வேறு, ஊர்க்காரர்களின் உரிமை வேறு என்று ஒரு பிள்ளை நினைத்துக்கொண்டிருந்தால் அதற்குச் சொல்ல வேண்டிய கதை இதுதான். பாடநூல்களில் விலங்குகளின் உயரம், எடை, கர்ப்ப காலம் எல்லாம் தவறாமல் இருக்கின்றன. நிலம் யாருடையது என்ற கேள்வியை மட்டும் லேசாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சிரங்கும் வெறிநாய்க்கடியும்

எனக்கு மிகவும் பிடித்த வகைப் பாடம் ஒன்று உண்டு. அதில் விலங்கின் பெயர் கடைசியில்தான் வரும்.

உகாண்டாவின் ப்விண்டி காட்டில் மலைக் கொரில்லாக்கள் வாழ்கின்றன. 1996இல் அங்கே ஒரு கொரில்லாக் கூட்டத்துக்குச் சிரங்கு வந்தது. முடி கொட்டி, சொறிந்து சொறிந்து புண்ணாகி, ஒரு குட்டி இறந்தே போனது. உகாண்டாவின் முதல் காட்டுயிர் மருத்துவரான கிளாடிஸ் கலெமா-ஸிகுசோகா தன் குழுவோடு மற்றவற்றுக்கு மருந்து கொடுத்துக் குணப்படுத்தினார். சிரங்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், ஊர் மக்களிடமிருந்து. கொல்லைப் பொம்மைகளுக்குப் பழைய துணி மாட்டியிருப்பார்கள். காட்டை விட்டு வாழைத் தோட்டத்துக்கு வருகிற கொரில்லாக்கள் அதைத் தொட்டுவிடும். மனிதனும் கொரில்லாவும் நெருங்கிய சொந்தம். ஒருவருக்கு வருவது மற்றவருக்கும் ஒட்டும். 2003இல் அவர் தொடங்கிய அமைப்பு மக்கள் சுகாதாரத்தையும் கொரில்லாப் பாதுகாப்பையும் ஒரே வேலையாகச் செய்கிறது.

இதைப் பள்ளிக்குக் கொண்டுபோனால் பாடம் என்னவாகிறது? கைகழுவுவது, கழிப்பறைக்கு மூடி போடுவது, குப்பைக் குழியை மூடுவது, இருமல் இருந்தால் வாயைப் பொத்துவது. முதல் லாபம் பிள்ளைக்கே; வயிற்றுப்போக்கு குறையும். கொரில்லாவுக்கு அது உபரி. இந்த வரிசையில் சொன்னால் பெற்றோர் யாரும் எதிர்க்க மாட்டார்கள்.

எத்தியோப்பியாவின் பேல் மலைகளிலும் இதே சங்கதி. கடல் மட்டத்திலிருந்து மூவாயிரம் மீட்டருக்கு மேலே, எலி பிடித்துத் தின்கிற சிவந்த ஓநாய் ஒன்று வாழ்கிறது. உலகத்திலேயே சுமார் ஐந்நூறுதான் மிச்சம். அதற்கு எமன் வேட்டைக்காரன் அல்ல. மேய்ச்சல்காரர்களின் நாய்கள் கொண்டுவரும் வெறிநோய். 1990களின் தொடக்கத்திலும் 2003இலும் நோய் பரவி ஓநாய்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. 1995 முதல் இயங்கும் எத்தியோப்பிய ஓநாய்ப் பாதுகாப்புத் திட்டம் அதனால்தான் ஊர் நாய்களுக்கு ஊசி போடுகிறது, பள்ளிகளுக்கும் போகிறது. மலையில் ஆடு மேய்க்கிறவர்களும் நாயைக் கூடவே வைத்துக்கொண்டு திரிகிறவர்களும் பெரும்பாலும் சிறுவர்கள். நாயை ஊசி முகாமுக்குப் பிடித்து வரவும் அவர்களால்தான் முடியும். வெறிநாய்க்கடியில் செத்துப்போகிறவர்களிலும் குழந்தைகள் அதிகம் என்பதால், ஓநாய்க்காகப் போடுகிற ஊசி பிள்ளையையும் காக்கிறது.

பாறுக் கழுகுகளைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கம் அடித்த மாட்டின் உடலில் பூச்சிமருந்தைத் தடவி வைப்பது கிழக்கு ஆப்பிரிக்காவில் பழிவாங்கும் ஒரு வழி. செத்த மாட்டைச் சிங்கம் தின்ன வருமோ வராதோ, கழுதைப்புலியும் நரியும் பாறுகளும் நிச்சயம் வரும். ஒரே உடலில் பத்து நூறு என்று பாறுகள் மடிந்துவிடும். வருஷத்துக்கு ஒரே முட்டை இடுகிற பறவை இந்த இழப்பை ஈடு கட்டவே முடியாது. இதைப் பிள்ளைகளிடம் உணவுச் சங்கிலி என்ற தலைப்பில் சொல்லலாம். அந்த மருந்து பட்ட கையோடு சாப்பிட்டால் என்ன ஆகும் என்று தொடங்கினால் இன்னும் வேகமாகப் புரியும்.

மன்றங்கள்

முறையாகப் பள்ளிகளில் இந்தக் கல்வி வேர்விட்டது மன்றங்கள் வழியாகத்தான். 1968இல் கென்ய மாணவர்களே சேர்ந்து காட்டுயிர் மன்றங்களை ஆரம்பித்தார்கள். ஆப்பிரிக்காவில் இந்த வகையில் முதல் முயற்சி அது. விடுதலை கிடைத்து ஐந்தே வருஷம். நம் நாட்டு விலங்கைப் பற்றி நாமே பேசுவோம் என்ற வேகம் அதில் இருந்தது. பள்ளி தோறும் கிளை, சுற்றி வருகிற கல்வி வண்டி, பூங்காக்களுக்கு வருகிற பள்ளிக் குழுக்கள் தங்க மலிவான விடுதி என்று அது வளர்ந்தது. அதே காலத்தில் தந்த வேட்டையும் உச்சத்துக்குப் போனது. 1970களின் தொடக்கத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருந்த கென்யாவின் யானைகள் 1989இல் இருபதாயிரத்துக்குக் கீழே இறங்கிவிட்டன. மன்றங்களில் படித்த பிள்ளைகளால் அந்தத் துப்பாக்கிகளை நிறுத்த முடியவில்லை. அந்த ஆண்டு அதிபர் மோய் 12 டன் தந்தத்துக்குத் தீ வைத்ததும், பன்னாட்டுத் தந்த வணிகத் தடையும், ஆயுதக் காவலும்தான் நிறுத்தின. கல்வியிடம் அதன் வேலைக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஸாம்பியாவில் 1970களில் தொடங்கிய பள்ளி மன்றங்களுக்கு மரவட்டையின் பெயர் வைத்தார்கள்: சோங்கோலோலோ. வானொலி நிகழ்ச்சியாகவும் அது வந்தது. சிங்கம், யானை என்று வைக்காமல் மரவட்டை என்று வைத்தவர்களை எனக்குப் பிடித்துப்போயிற்று. எந்த ஊர்ப் பிள்ளையும் மழை பெய்த மறுநாள் முற்றத்தில் போய்ப் பார்க்கக்கூடிய விலங்கு. பேருந்து வேண்டாம், நுழைவுச் சீட்டு வேண்டாம். ரேடியோ என்பதும் நல்ல யோசனை. மின்சாரம் இல்லாத, அறுபது எழுபது பேர் நெருக்கியடித்து உட்காருகிற வகுப்பில் ப்ரொஜெக்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தான்சானியாவில் 1991இல், சிம்பன்ஸி ஆய்வாளர் ஜேன் குடாலைப் பார்க்கப் பன்னிரண்டு மாணவர்கள் டார் எஸ் ஸலாமில் அவர் வீட்டுத் தாழ்வாரத்துக்கு வந்தார்கள். சுற்றிலும் நடக்கிறதைப் பற்றிய கவலைகளை அவரிடம் கொட்டினார்கள். அங்கே பிறந்த 'ரூட்ஸ் அண்ட் ஷூட்ஸ்' பிறகு உலகெங்கும் பரவிவிட்டது. மனிதர்களுக்கு, விலங்குகளுக்கு, சுற்றுச்சூழலுக்கு என்று மூன்றுக்கும் பயன்படுகிற வேலையைப் பிள்ளைகளே தேர்ந்தெடுத்துச் செய்ய வேண்டும் என்பது அதன் வழக்கம். மூன்றில் மனிதருக்கும் இடம் கொடுத்தது கவனிக்கத்தக்கது.

கணக்கு வகுப்பு

காட்டுயிரால் வரும் லாபத்தைக் கணக்கு வகுப்பிலேயே போட்டுப் பார்க்கலாம். ருவாண்டாவில் எரிமலைகள் தேசியப் பூங்காவில் கொரில்லா பார்க்க 2017 முதல் ஒரு ஆளுக்கு 1,500 டாலர். ஒரு கூட்டத்தைப் பார்க்க ஒரு நாளைக்கு எட்டுப் பேருக்குத்தான் அனுமதி, அதுவும் ஒரு மணி நேரம். ஆக 12,000 டாலர். சுற்றுலா வருமானத்தில் பூங்காவைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு முன்பு 5 சதவீதம் கொடுத்தார்கள், அதே 2017இல் 10 சதவீதமாக உயர்த்தினார்கள். அந்தக் கணக்குப்படி ஒரு மணி நேரக் காட்சியில் ஊர்ப் பங்கு 1,200 டாலர். பள்ளிக் கட்டடம், தண்ணீர்த் தொட்டி, சுகாதார நிலையம் என்று அந்தப் பணம் போகிறது. தான் உட்கார்ந்திருக்கும் பெஞ்சு எந்தப் பணத்தில் வந்தது என்று தெரிந்த பிள்ளைக்குக் கொரில்லா வேறு மாதிரித் தெரியும். 2005 முதல் அங்கே ஆண்டுதோறும் 'க்விட்டா இஸினா' என்ற பெயர்சூட்டு விழா நடக்கிறது. புதிதாகப் பிறந்த கொரில்லாக் குட்டிகளுக்குப் பெயர் வைப்பார்கள். ஊர்ப் பிள்ளைகள் குட்டி வேஷம் கட்டிக்கொண்டு வருவார்கள். 2018இல் வெளியான கணக்கில் மலைக் கொரில்லாக்கள் உலகில் ஆயிரத்தைத் தாண்டியிருந்தன.

புத்திசாலிப் பிள்ளை ஒன்று, மீதி 90 சதவீதம் எங்கே என்று கேட்கும். கேட்கட்டும். அந்தக் கேள்வியை வாயடைக்கிற ஆசிரியரைவிட, கரும்பலகையில் எழுதிப் போட்டு விவாதிக்கிற ஆசிரியர்தான் இந்தப் பாடத்துக்கு வேண்டும்.

பலன் உண்டா?

நியாயமான சந்தேகம்தான். மாடு யாருடையது, விஷம் வைப்பதா வேண்டாமா, நாய்க்கு ஊசி போடுவதா என்பதெல்லாம் வீட்டில் பெரியவர்கள் எடுக்கிற முடிவு. பிள்ளைக்குச் சொல்லி என்ன பயன்?

இதைச் சோதித்துப் பார்த்த ஒரு ஆய்வு இருக்கிறது. செஷல்ஸ் தீவுகளில், பள்ளிக் காட்டுயிர் மன்றங்கள் வழியாகச் சதுப்பு நிலங்களைப் பற்றிப் படித்த பிள்ளைகளின் பெற்றோரையும் படிக்காதவர்களின் பெற்றோரையும் ஒப்பிட்டு 2013இல் வெளியிட்டார்கள். படித்த பிள்ளைகளின் பெற்றோருக்குச் சதுப்பு நிலங்களைப் பற்றிக் கூடுதலாகத் தெரிந்திருந்தது. வீட்டில் தண்ணீரைச் செலவு செய்யும் விதமும் மேம்பட்டிருந்தது. பிள்ளையிடமிருந்து வந்த விஷயம் என்று பெற்றோருக்கே தெரிந்திருக்கவில்லை என்பதுதான் இதில் சுவை. சோற்றை அள்ளி வாயில் போடும்போது பிள்ளை ஏதோ சொல்லியிருக்கும். அது உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. ஆனால் தண்ணீரைச் சிக்கனமாகப் பிடிப்பது எளிது. மாட்டை அடித்த சிங்கத்தை மன்னிப்பது அவ்வளவு எளிதல்ல. செஷல்ஸ் முடிவை அப்படியே மாசாய் நிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

இன்னொரு தடை, படித்து முடித்த பிறகு என்ன என்பது. பாதுகாப்பு என்றால் வெள்ளைக்கார ஆய்வாளர், சீருடை போட்ட காவலர், சுற்றுலா வண்டியோட்டி என்று மூன்று வேஷம்தான் பிள்ளைகள் கண்ணில் படுகின்றன. க்ரூகரை ஒட்டிய பலூலே காப்பகத்தில் 2013இல் தொடங்கிய 'பிளாக் மாம்பாஸ்' காவல் குழு இந்தப் படத்தைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறது. பெரும்பாலும் சுற்றுவட்டார ஊர்களின் இளம் பெண்கள். துப்பாக்கி கிடையாது. வேலி நெடுக நடந்து, புதரில் ஒளித்து வைத்திருக்கும் கம்பிக் கண்ணிகளைத் தேடி எடுப்பது முக்கிய வேலை. இதே குழுவினர் 'புஷ் பேபீஸ்' என்ற திட்டத்தில் பக்கத்து ஊர்ப் பள்ளிகளுக்குப் போய்ப் பாடமும் எடுக்கிறார்கள். கண்ணி என்றால் என்ன என்று அவர்கள் படம் காட்ட வேண்டியதில்லை. வகுப்பில் சில பிள்ளைகளுக்கு அதைச் செய்யவே தெரியும். சைக்கிள் பிரேக் கம்பி போதும். தன் தெருவில் வளர்ந்த அக்கா மாதச் சம்பளத்தோடு அதே கண்ணியை அறுத்தெறிகிற வேலையில் இருக்கிறாள் என்பது, பெரியவர் ஒருவர் வந்து உபதேசம் செய்வதைவிட வேறு மாதிரிப் போய்ச் சேரும். அந்த வேலைகள் ஊருக்கு நாலைந்துதான் என்பதும் உண்மை. எல்லாப் பிள்ளைகளுக்கும் காட்டில் வேலை கிடைக்கும் என்று ஆசை காட்டிவிட்டு, பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்கிற திட்டங்களும் உண்டு. அதற்கு, வேலை குறைவு என்று முதல் நாளே சொல்லிவிட்டு, கொல்லைக்கு வேலி போடவும் நாய்க்கு ஊசி போடவும் கற்றுக்கொடுக்கிற திட்டம் எவ்வளவோ மேல்.